ஸ்டாகர்விங் மீட்டெடுப்பு: மரத்தில் தொடங்கி மோஹேரில் முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய ஸ்டாகர்விங் விமானம் ஒன்று கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்களின் மனம் முதலில் ஓடுவது இருக்கைக்கு என்ன நிறத்தில் தோல் போடலாம் என்பதற்குத்தான். அடுத்து என்ஜின். மரம் கடைசியில்தான் நினைவுக்கு வரும். ஆனால் வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். விமானத்தைப் போர்த்திய துணிக்கு அடியில் மரமும் எஃகுக் குழாயும் என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியாமல் தோலுக்கு ஆர்டர் கொடுப்பது, அஸ்திவாரம் பார்க்காத வீட்டுக்குத் திரைச்சீலை தைப்பது மாதிரி.

இந்த வழிகாட்டி பீச்கிராஃப்ட் டி17எஸ் மாடலை மனதில் வைத்து எழுதியது. வாகோ கம்பெனியின் கேபின் விமானங்கள் போன்ற அக்காலத்து மற்ற சொகுசு இருதள (மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கை கொண்ட) விமானங்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். சில இடங்களில் ஸ்டாகர்விங்குக்கே உரிய தொல்லைகள் உண்டு. அவற்றைத் தனியாகச் சொல்கிறேன்.

என்ன விமானம் இது

1932 ஏப்ரலில், அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் மூழ்கிக் கிடந்தபோது, வால்டர் பீச்சும் அவர் மனைவி ஆலிவ் ஆன் பீச்சும் கன்சாஸ் மாநிலம் விச்சிட்டாவில் புதுக் கம்பெனி தொடங்கினார்கள். மூடிக் கிடந்த செஸ்னா தொழிற்சாலையில் வாடகைக்கு இடம். வடிவமைப்பாளர் டெட் வெல்ஸ். அந்த வருடம் நவம்பர் 4 அன்று முதல் விமானம் பறந்தது. மணிக்கு 200 மைல் வேகம், அதே சமயம் 60 மைல் வேகத்தில் தரையிறங்க முடிகிற அடக்கம், உள்ளே காரைப் போல் மூடிய கேபின். பஞ்ச காலத்தில் பணக்காரர்களுக்கென்று விமானம் செய்யத் துணிந்ததை இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

வழக்கமான இருதள விமானங்களில் மேல் இறக்கை முன்னால் இருக்கும். இதில் கீழ் இறக்கை முன்னால், மேல் இறக்கை பின்னால். இறக்கைகள் இப்படி முன்பின்னாக நிற்பதை ஆங்கிலத்தில் 'ஸ்டாகர்' என்பார்கள், அதனால்தான் அந்தப் பெயர். விமானிக்கு மேற்பக்கப் பார்வை நன்றாகக் கிடைக்கும் என்பது அதன் ஒரு பலன். 1936இல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரையிலான பெண்டிக்ஸ் பந்தயத்தில் லூயிஸ் தாடனும் பிளான்ச் நாய்ஸும் சி17ஆர் மாடலை ஓட்டி முதலிடம் பிடித்தார்கள். 1937இல் வந்த டி17 வரிசையில் உடல் நீண்டது, அய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் மடல்கள்) மேல் இறக்கைக்குப் போயின. மொத்தம் ஏறக்குறைய 785 விமானங்கள். போருக்குப் பிறகு 1946இல் வந்த ஜி17எஸ் விலை 29,000 டாலர். அடுத்த வருடமே அதே கம்பெனியின் போனான்சா ஏறக்குறைய 8,000 டாலருக்கு வந்தது. கதை முடிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தரைப்படை விமானப் பிரிவு இதை யூசி-43 என்றும் கடற்படை ஜிபி-2 என்றும் அழைத்தன. உங்கள் கைக்கு வரும் டி17எஸ் ராணுவப் பிறப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஏன் சொல்கிறேன் என்றால், 1930களின் சிவில் விமானம் மாதிரி அதை அலங்கரிப்பதா, போர்க்கால உருவத்துக்கே கொண்டுபோவதா என்ற கேள்வியை முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பாதி வேலையில் மனம் மாறினால் நிறம், கேபின், பலகைக் கருவிகள் எல்லாம் இரண்டு முறை செய்ய நேரும்.

பணம் கொடுக்கும் முன்: காகிதம்

அமெரிக்கப் பதிவு விமானம் என்றால் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவு அலுவலகத்தில் அதன் கோப்பு இருக்கும். யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி அதன் நகலை வாங்கலாம். அதில் 337 என்ற எண்ணுள்ள படிவங்களைத் தேடுங்கள். பெரிய பழுதுபார்ப்பும் பெரிய மாற்றமும் நடக்கும்போதெல்லாம் அந்தப் படிவம் பதிவாக வேண்டும். 1950களில் ஒரு விபத்து, கீழ் இறக்கையின் ஸ்பாரை (நீளவாக்கில் ஓடும் முக்கியக் கட்டை) ஒட்டுப்போட்டது, வேறு என்ஜின் மாற்றியது, எல்லாம் அங்கே தெரியும். விற்பவர் சொல்லாத கதையைக் கோப்பு சொல்லும்.

அப்புறம் தகட்டைப் பாருங்கள். தயாரிப்பு எண் பொறித்த அந்தச் சின்ன உலோகத் தகடும் கோப்பும் பதிவு அட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சிலர் தகட்டையும் நான்கைந்து துருப்பிடித்த குழாய்களையும் 'ப்ராஜெக்ட்' என்று விற்பார்கள். சட்டப்படி அது ஒரு ஸ்டாகர்விங்காகவே இருக்கலாம், ஆனால் நீங்கள் செய்யப்போவது புது விமானம் கட்டுவது. முதல் முறை இறங்குபவர் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் கருத்து. முழுதாக, அசிங்கமாக, ஆனால் எல்லாப் பாகமும் இருக்கிற விமானம்தான் மலிவு. காணாமல் போன ஒரு ஜன்னல் கைப்பிடியைத் தேடுவது, இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான விலா ஒன்று அழுகியிருந்தால் அதைப் புதிதாகச் செய்வதைவிட நாள் பிடிக்கும்.

டென்னசி மாநிலம் டல்லஹோமாவில் 1973இல் ஸ்டாகர்விங் அருங்காட்சியகமாகத் தொடங்கியது இன்று பீச்கிராஃப்ட் ஹெரிட்டேஜ் மியூசியம். ஒருமுறை நேரில் போய் நல்ல விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று பாருங்கள். இருநூறு படம் எடுங்கள். பாகங்கள் எங்கே கிடைக்கும், யார் மரவேலை நன்றாகச் செய்வார் என்ற தகவலெல்லாம் இந்த வட்டத்தில் வாய்வழியாகத்தான் ஓடுகிறது.

கடைசியாக, கையெழுத்துப் போடப்போகிறவரைப் பிடியுங்கள். நீங்களே ஸ்பானர் பிடிக்கலாம், தடையில்லை. ஆனால் உரிமம் பெற்ற மெக்கானிக்கின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். பெரிய பழுதுகளை ஆய்வு அதிகாரம் உள்ள மெக்கானிக் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் முடித்துத் துணியும் போர்த்திய பிறகு அவரைக் கூப்பிட்டால், 'உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?' என்பார். அவர் கேட்பது நியாயம்தான். முதல் நாளிலிருந்தே அவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பது

பிரிக்கும் முன் அளவெடுங்கள். விமானத்தை மட்டப்படுத்தி, நான்கு இறக்கைகளின் கோணங்களையும் இறக்கைக் கம்பிகளின் நீளத்தையும் முனைகளில் எத்தனை புரி உள்ளே போயிருக்கிறது என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது சரியான அளவு என்று நம்ப வேண்டாம். ஆனால் மறுபடி கோக்கும்போது தொடங்க ஓர் இடம் வேண்டும்.

பழைய துணியை வெட்டும்போது ஆவேசம் வேண்டாம். தையல் எத்தனை அங்குலத்துக்கு ஒன்று, தண்ணீர் வடியும் துளைகள் எங்கே, ஆய்வுக் கதவுகள் எங்கே, எல்லாம் அந்தத் துணியில் பதிந்திருக்கிறது. இறக்கைக்கு ஒன்று என நீளத் துண்டுகளாகச் சுருட்டி, பெயர் எழுதி, பரணில் போடுங்கள். பெயின்ட்டை ஓர் ஓரமாக உப்புத்தாள் கொண்டு மெதுவாகத் தேய்த்தால் அடுக்கடுக்காக நிறங்கள் வெளியே வரும், கிணற்றுச் சுவரில் மண் அடுக்கு தெரிவது போல. அடியில் இருப்பதுதான் தொழிற்சாலை நிறம்.

இன்னொன்று: விமானம் பறக்கும் நாள்வரை எதையும் குப்பையில் போடாதீர்கள். அழுகி நொறுங்கிய விலாவும் ஒரு வார்ப்பு. அதை வைத்துத்தான் புது விலாவுக்கு ஜிக் (அச்சுச் சட்டம்) செய்ய வேண்டியிருக்கும்.

மரம்

இங்கேதான் விமானம் பிழைக்குமா என்பது தெரியும். டி17எஸ் இறக்கையின் முதுகெலும்பு ஸ்ப்ரூஸ் மரத்து ஸ்பார்கள். அவற்றின் குறுக்கே மர விலாக்கள். உடலில் எஃகுக் குழாய்ச் சட்டம் பாரத்தைத் தாங்குகிறது. அந்த அழகான வளைவை உண்டாக்குவது குழாயைச் சுற்றி இருக்கும் மர வளையங்களும் நீளப் பட்டிகளும். ஆக, மரம் இல்லாத இடமே இல்லை.

ஸ்பாரைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். இருட்டான ஷெட், நல்ல டார்ச், ஒரு பூதக்கண்ணாடி போதும். வார்னிஷைச் சுரண்டிய மரத்தின் மேல் டார்ச்சைப் படுக்கையாக வைத்து, வெளிச்சம் மரத்தோடு உரசிக்கொண்டு போகிற மாதிரி அடியுங்கள். நல்ல ஸ்ப்ரூஸில் நார் நேராக, பட்டுப்போல் ஓடும். அமுக்க முறிவு இருந்தால் நாருக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு எழும்பித் தெரியும், சுருங்கிய நூல் மாதிரி. நேராகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுக்கும். என்றோ ஒருநாள் விமானம் தரையில் இறக்கையை இடித்தபோது நார் உள்ளுக்குள் நொறுங்கிய இடம் அது. அந்த ஸ்பாரை ஒட்டுப்போட்டுப் பிழைக்கவைக்கப் பார்க்க வேண்டாம். புதுசு செய்யுங்கள்.

அடுத்து போல்ட் துளைகள். ஸ்பாரோடு மற்ற பாகங்களை இணைக்கும் உலோகப் பட்டைகளைக் கழற்றாமல் ஸ்பார் பரிசோதனை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பட்டைக்கு அடியில்தான் தண்ணீர் தங்கும். துளையைச் சுற்றி நாரின் போக்கிலேயே கறுப்புக் கறை ஓடியிருந்தால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் போல்ட் ஆடியிருக்கிறது. சின்ன மர சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் காதும் உதவும்: நல்ல மரம் 'டக்' என்னும், கெட்டது பொத்தென்று செத்த சத்தம் தரும்.

பசை தனிக் கதை. அக்கால மர விமானங்களில் பாலின் புரதத்திலிருந்து செய்யும் கேசீன் பசை பரவலாகப் பயன்பட்டது. காய்ந்த இடத்தில் எண்பது வருடமும் நிற்கும். நனைந்தால் பூஞ்சைக்கு அது சாப்பாடு. மூட்டில் மெல்லிய கத்தி முனையை வைத்து லேசாகத் திருகிப் பாருங்கள். மரம் கிழிந்தால் பசை நன்றாக இருக்கிறது, பசைக்கோட்டில் சுத்தமாகப் பிரிந்தால் பசை செத்துவிட்டது. ஓர் இடத்தில் பிரிந்தால் அந்த இறக்கை முழுவதும் சந்தேகத்துக்குரியது.

புது மரத்துக்கு விமானத் தர சிட்கா ஸ்ப்ரூஸ். எஃப்ஏஏயின் ஏசி 43.13-1பி என்ற கையேட்டைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். நாரின் சாய்வு 15 அங்குலத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, ஓர் அங்குலத்தில் குறைந்தது 6 வளையங்கள் இருக்க வேண்டும், ஈரப்பதம் 8 முதல் 12 சதவீதம் என்று அது தெளிவாகச் சொல்கிறது. ஸ்பாரில் ஒட்டுப்போட அனுமதி உண்டு, சாய்வு ஒட்டாக, 10க்கு 1 அல்லது அதைவிடப் படுத்த சரிவில். ஆனால் இறக்கை உடலோடு சேரும் பட்டை, இறக்கைகளுக்கு நடுவே நிற்கும் தூணின் பட்டை போன்றவற்றுக்கு அடியில் ஒட்டு வரவே கூடாது. ஸ்டாகர்விங் இறக்கை குட்டையானது, பட்டைகள் நெருக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பல நேரம் ஒட்டுக்கு இடமே கிடைக்காது.

ஒட்டுவதற்கு ரெசார்சினால் அல்லது சான்று பெற்ற எபாக்சி. ரெசார்சினால் கறாரான பேர்வழி: மூட்டு இம்மியும் இடைவெளி இல்லாமல் பொருந்த வேண்டும், கிளாம்ப் இறுக்கம் நன்றாக வேண்டும், ஷெட் குளிராக இருந்தால் வேலைக்கு ஆகாது. ஆனால் சூட்டுக்கும் தண்ணீருக்கும் அசையாது. எபாக்சி சின்ன இடைவெளியை மன்னிக்கும், ஆனால் சூடானால் இளகும். கறுப்பு, கருநீலம் போன்ற அடர்நிறம் பூசிய இறக்கை வெயிலில் நின்றால் உள்ளே எவ்வளவு சுடும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எபாக்சியில் ஒட்டிய இறக்கைக்கு வெளிர்நிறம் போடுங்கள். எதில் ஒட்டினாலும், ஒவ்வொரு கலவையிலும் இரண்டு துண்டு மிச்ச மரத்தை ஒட்டி வைத்து, காய்ந்த பிறகு உடைத்துப் பாருங்கள். மரம் உடைய வேண்டும், பசை அல்ல. உடைத்த துண்டில் தேதி எழுதி வைத்தால் ஆய்வாளருக்குக் காட்டலாம்.

வார்னிஷ் பூசும்போது எல்லோரும் முகத்தைப் பளபளப்பாக்குவார்கள், துளையின் உட்சுவரை விட்டுவிடுவார்கள். மரத்தின் வெட்டுமுனை உறிஞ்சுகுழல் மாதிரி. ஈரம் உள்ளே போவது அந்த வழியில்தான். ஒவ்வொரு போல்ட் துளைக்குள்ளும் வார்னிஷ் விட்டு ஊற வையுங்கள்.

எஃகுக் குழாயும் மடங்கும் சக்கரமும்

உடல் சட்டம் க்ரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களை வெல்டிங் செய்து கட்டியது. துரு வெளியே இருந்தால் பிரச்சினை சின்னது. உள்ளிருந்து தின்றுகொண்டு வரும் துருதான் ஆபத்து. வால் தரையில் இருக்கும் விமானம் என்பதால் தண்ணீர் எல்லாம் பின்பக்கத்து அடிக்குழாய்களில் போய்த் தேங்கும். அங்கே மீயொலி அளவியால் சுவர்த் தடிமனைப் பாருங்கள். கூர்முனைச் சுத்தியால் அழுத்தித் தட்டிக் குழியும் இடத்தை அடையாளம் வைப்பது பழைய வழி. அதுவும் வேலை செய்யும். கெட்ட பகுதியை வெட்டி, உட்குழாய் வைத்துப் புதிதாக இணைத்து, உள்ளே சூடான லின்சீட் எண்ணெய் அல்லது குழாய்க்கான துருத் தடுப்பு எண்ணெய் ஊற்றி வடித்து, துளைகளை அடைத்துவிடுங்கள். எண்ணெய் ஊற்றியபோது வெல்டிங்கில் எங்காவது கசிந்தால் அங்கே விரிசல் இருக்கிறது என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்.

சக்கரம் மடங்குவது ஸ்டாகர்விங்கின் பெருமை, மீட்டெடுப்பவரின் தலைவலி. ஒரு மின்மோட்டார், சங்கிலிகள், கேபிள்கள். மோட்டார் செத்தால் கையால் சுற்றி இறக்கக் கைப்பிடி. வால் சக்கரமும் உள்ளே போகும். சங்கிலித் தளர்ச்சி, மோட்டாரை நிறுத்தும் சுவிட்சுகள், கதவுகள் எல்லாம் ஒன்றோடொன்று கோத்தவை. ஒன்றைத் தொட்டால் மூன்றைச் சரிசெய்ய வேண்டும். சக்கரத்தின் சேறும் எண்ணெயும் உடலின் அடிப்பக்கத்துக்குள் தெறிப்பதால் அங்கேயுள்ள மரப் பட்டிகள் முதலில் கெடும். துணி போர்த்தும் முன் விமானத்தை ஜாக்கில் ஏற்றி, சக்கரத்தை ஐம்பது தடவையாவது மடக்கி இறக்கிப் பாருங்கள், கைப்பிடியாலும் சேர்த்து. துணி போட்ட பிறகு ஒரு கேபிள் உரசுவது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

துணி

அசலில் போட்டது பருத்தித் துணி, மேலே டோப் (துணியை இறுக்கிக் காக்கும் பூச்சு). ஏ கிரேடு பருத்தி புதிதாக ஓர் அங்குலத்துக்கு 80 பவுண்டு இழுவை தாங்கும். இதுபோன்ற விமானத்தில் 56க்குக் கீழே இறங்கினால் பறக்கத் தகுதியில்லை. இன்று பெரும்பாலோர் பாலியெஸ்டர் துணிக்கு மாறிவிட்டார்கள். வெயிலில் பருத்தியைவிட நீண்ட நாள் நிற்கும், பூஞ்சை பிடிக்காது. நான் சுத்தமான அசல்வாதி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் பாலியெஸ்டர் பக்கம்தான். ஒரே கம்பெனியின் துணி, பசை, பூச்சு, எல்லாம் ஒரே சான்றின் கீழ் வாங்குங்கள். ஒருவரின் துணி, இன்னொருவரின் பசை என்று கலந்தால் காகிதமும் செல்லாது, பூச்சும் உரியலாம்.

பாலியெஸ்டர் சூட்டில் சுருங்கும். துணியைப் பசையால் ஓரங்களில் ஒட்டிய பிறகு இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து இறுக்க வேண்டும். முதலில் 250 டிகிரி ஃபாரன்ஹீட் (121 டிகிரி செல்சியஸ்), கடைசியில் 350 (177). பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், வெப்பமானியால் அளந்து, குமிழில் கோடு போட்டு வையுங்கள். 350க்கு மேலே போனால் துணி இறுகுவதற்குப் பதில் தளரும், திரும்ப இறுக்க முடியாது. இறுகிய துணி விரலால் தட்டினால் மேளம் மாதிரி ஒலிக்கும். மெல்லிய பின்விளிம்பு மரங்கள் இந்த இழுப்பில் வளையும் என்பதால் எல்லாப் பக்கத்திலும் சுற்றிச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து இறுக்க வேண்டும்.

அடுத்தது விலாத் தையல். இறக்கையைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒவ்வொருவர். இவர் ஓரடி நீள ஊசியை விலாவை ஒட்டிக் குத்தி அந்தப் பக்கம் அனுப்ப, அவர் வாங்கி விலாவின் மறுபக்கத்தில் திருப்பிக் குத்துவார். நூலில் மெழுகு தேய்த்திருக்கும். முடிச்சு, மீன்வலை பின்னுகிறவர்கள் போடுவதன் ஒரு வகை. இழுத்தால் இறுகும், பிறகு நழுவாது. முதல் பத்து முடிச்சுக்கு ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் கை பழகிவிடும், பேசிக்கொண்டே தைக்கலாம். பொறுமையான நண்பர் ஒருவரும் ஃப்ளாஸ்கில் காப்பியும் இருந்தால் ஒரு நாளில் ஓர் இறக்கையில் நல்ல பங்கு முடிந்துவிடும். தையல் இடைவெளிக்குப் பழைய துணிதான் முதல் ஆதாரம். அதைவிட அகலமாகப் போக வேண்டாம். ப்ரொப்பல்லர் காற்று அடிக்கும் பகுதியில் இன்னும் நெருக்கமாகத் தைக்க வேண்டும். ப்ரொப்பல்லர் விட்டமும் இரு பக்கமும் கூடுதலாக ஒவ்வொரு விலா இடைவெளியும் சேர்ந்ததுதான் அந்தப் பகுதி என்பது கையேட்டின் கணக்கு.

மேலே பட்டி நாடாக்கள், பிறகு பூச்சுகள். அலுமினியத் தூள் கலந்த வெள்ளிப் பூச்சைத் தாராளமாகப் போடுங்கள். சூரியனின் புறஊதாக் கதிரிலிருந்து துணியைக் காப்பது அதுதான். இருட்டில் இறக்கைக்குள் விளக்கு வைத்துப் பார்த்தால் வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே பூச்சு போதவில்லை. மேலே போடும் வண்ணத்தில் அடுக்குமேல் அடுக்காகப் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்க ஆசை வரும். ஒவ்வொரு அடுக்கும் எடை. கண்காட்சியில் பரிசு வாங்கிய விமானம் ஒரு பயணியைக் குறைத்துக்கொண்டுதான் பறக்க முடியும் என்றால் என்ன பிரயோஜனம்?

என்ஜின்

டி17எஸ்ஸில் ப்ராட் அண்ட் விட்னி ஆர்-985 வாஸ்ப் ஜூனியர்: ஒன்பது சிலிண்டர், 985 கன அங்குலம், 450 குதிரைத்திறன். 39,000க்கும் மேல் தயாரானது. பீச் 18, பீவர் போன்ற விமானங்களிலும் இதே என்ஜின் என்பதால் பாகமும் கைதேர்ந்த ஓவர்ஹால் பட்டறையும் இன்றும் கிடைக்கின்றன. இந்த வேலையை வீட்டு ஷெட்டில் செய்ய வேண்டாம். பட்டறைக்கு அனுப்புங்கள். ப்ரொப்பல்லருக்கும் அதேதான்.

நீங்கள் செய்ய வேண்டியது என்ஜினைச் சுற்றியுள்ளவை. எண்ணெய்த் தொட்டி, எண்ணெய்க் குளிர்விப்பான், குழாய்கள். பழைய என்ஜின் செத்தபோது துப்பிய உலோகத் தூள் குளிர்விப்பானின் மடிப்புகளில் ஒளிந்திருக்கும். அதைச் சரியாகக் கழுவாமல் புது என்ஜினை மாட்டினால் முதல் மணி நேரத்திலேயே அந்தத் தூள் பேரிங்குக்குப் போய்ச் சேரும். சந்தேகம் இருந்தால் குளிர்விப்பானை மாற்றிவிடுங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் எண்ணெயை அழுத்தி உள்ளே செலுத்த வேண்டும்.

எரிபொருள் தொட்டிகள் இறக்கைகளிலும் உடலிலும் பரவியிருக்கின்றன. ஒவ்வொன்றையும் அழுத்தச் சோதனை செய்து, ஒவ்வொன்றிலிருந்தும் என்ஜினுக்கு எவ்வளவு வேகத்தில் பெட்ரோல் வருகிறது என்று வாளியில் பிடித்து அளங்கள். பம்ப் மூலம் என்றால் என்ஜின் அதிகபட்சமாகக் கேட்பதில் 125 சதவீதம், புவியீர்ப்பால் என்றால் 150 சதவீதம் வர வேண்டும். மூக்கு உயர்ந்த நிலையில் வைத்துச் செய்தால்தான் இந்தச் சோதனைக்கு அர்த்தம்.

கோப்பது

இறக்கைகளை மாட்டி, கம்பிகளை இழுத்து, கோணம் சரிசெய்வதை ஆங்கிலத்தில் ரிக்கிங் என்பார்கள். வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி. ஒரு கம்பியை முறுக்கினால் எதிர்க்கம்பி மாறும். முதலில் உடலை நெடுக்கிலும் குறுக்கிலும் மட்டப்படுத்துங்கள், பிரித்தபோது எழுதிய அளவுகளையும் தொழிற்சாலை அளவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கால் புரி, அரைப் புரியாக நகருங்கள். கம்பிகளின் குறுக்குவெட்டு காற்றைக் கிழிக்கும் வடிவம் கொண்டது. அது காற்றின் திசைக்கு நேராக நிற்க வேண்டும், கோணலாக நின்றால் அதிரும். முனையில் உள்ள சோதனைத் துளை வழியாக மெல்லிய கம்பியை நுழைத்துப் பாருங்கள்: அது உள்ளே போனால் புரி போதுமான ஆழம் போகவில்லை. புரியில் கீறல் உள்ள பழைய கம்பியைத் தேய்த்துச் சரிசெய்யக் கூடாது. தூக்கிப் போட்டுப் புதியது வாங்குங்கள். ஸ்காட்லாந்தின் மஸ்ஸல்பர்க்கில் உள்ள ப்ரண்டன்ஸ் இப்படிப்பட்ட கம்பிகளுக்குப் பெயர் பெற்றது.

கேபின்

ஒருவழியாக இருக்கைத் தோலுக்கு வந்துவிட்டோம். தோல் இருக்கை, மோஹேர் துணி, காரில் போலச் சுற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடி, ஒரே கம்பத்தின் மேல் இடதுபக்க விமானிக்கும் வலதுபக்க விமானிக்கும் மாற்றிக்கொள்ளும் ஓட்டுச்சக்கரம். அங்கோரா ஆட்டு ரோமத்தில் நெய்த மோஹேரைத் தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும், ஆனால் தேய்மானம் குறைவு. எந்தத் துணியும் தோலும் வாங்கினாலும் தீப்பிடித்துப் பரவாது என்ற சான்றோடு வாங்குங்கள். அதே பஞ்சும் நூலும் பசையும் சேர்த்துச் சோதித்த சான்று இருந்தால் இன்னும் நல்லது. ஒலித்தடுப்புப் பஞ்சை அளவோடு வையுங்கள், அது ஈரத்தை வாங்கிக் குழாயோடு ஒட்டி நின்றால் மறுபடியும் துருவிடமே வந்து சேர்வோம்.

கருவிப் பலகையில் நவீனத் திரை வைக்கலாமா? வைக்கலாம். வைத்தால் அழகு போச்சு. 2020 முதல் அமெரிக்காவின் பல வான்பகுதிகளில் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவி கட்டாயம். மின்சார அமைப்போடு பிறந்த ஸ்டாகர்விங்குக்கு விலக்கு கிடையாது. அதையும் ரேடியோவையும் கையுறைப் பெட்டிக்குள் மறைத்துவிட்டு, முன்னால் பழைய வட்டக் கருவிகளை மட்டும் விட்டுவைப்பவர்களை எனக்குப் பிடிக்கும்.

எல்லாம் முடிந்ததும் தராசில் ஏற்றுங்கள். பழைய எடைக் காகிதத்தைத் திருத்தி எழுதுவது ஏமாற்று வேலை. பூச்சு, பஞ்சு, புது வயர் எல்லாம் சேர்ந்து ஈர்ப்பு மையம் நகர்ந்திருக்கும்.

முதல் ஓட்டம்

ஒவ்வொரு தடவையும் என்ஜினைக் கிளப்பும் முன் ப்ரொப்பல்லரைக் கையால், அது சுழலும் திசையிலேயே, சில சுற்று மெதுவாகச் சுற்ற வேண்டும். சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் இந்த நட்சத்திர என்ஜினின் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கித் தேங்கும். சுற்றும்போது கெட்டியாக நின்றால் பலம் போடாதீர்கள், பின்பக்கமாகவும் திருப்பாதீர்கள். பின்னால் திருப்பினால் எண்ணெய் உள்ளிழுக்கும் குழாய்க்குப் போய் ஒளிந்துகொண்டு, கிளப்பியதும் திரும்பி வந்து கனெக்டிங் ராடை வளைக்கும். கீழ்ச் சிலிண்டர் ஸ்பார்க் ப்ளக்குகளைக் கழற்றி வடியவிடுங்கள்.

தரையில் மெதுவாக ஓட்டி பிரேக்கும் வால் சக்கரமும் பழகிய பிறகே வேகம் கூட்டுங்கள். வால்சக்கர விமானம், கனமான மூக்கு. கவனம் தப்பினால் தரையிலேயே வட்டமடித்து, இத்தனை மாதம் ஒட்டிய கீழ் இறக்கையைத் தரையில் தேய்க்கும். முதல் பறப்பை ஸ்டாகர்விங்கில் நிறைய நேரம் பறந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். உங்கள் விமானம்தான், தெரியும். இருந்தாலும் கொடுங்கள். முதல் பறப்பில் சக்கரத்தை மடக்க வேண்டாம். ஓர் இறக்கை கனமாகத் தாழ்கிறதா, வெப்பநிலைகள் எப்படி என்று மட்டும் பார்த்து இறங்கினால் போதும்.

இறங்கியதும் என்ஜின் மூடியைக் கழற்றி எண்ணெய்க் கசிவைப் பாருங்கள், தொட்டிகளின் கீழே நீலக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கை கனத்தைக் கம்பியில் அரைப் புரி, அரைப் புரியாகச் சரிசெய்து மறுபடி பறந்து பாருங்கள். முதல் பத்து மணி நேரத்துக்குப் பிறகு எல்லாக் கம்பிகளின் இறுக்கத்தையும் திரும்ப அளங்கள். பட்டை போல்ட்களையும் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்குச் சரிபாருங்கள். புது மரம் பட்டைகளுக்கு அடியில் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.